பெரிய மானிட்டர் வாங்கலாமா? வெள்ளிமலையில் ஒரு மேசை மேல போட்ட கணக்கு



நம்ம சேனல்ல அடிக்கடி வர்ற கேள்வி இது: "வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். 43 இன்ச், 49 இன்ச் மானிட்டர் வாங்கினா வேலை வேகமா நடக்குமா? காசுக்குப் பொருந்துமா?" ரொம்ப நாளா இதுக்கு ஒரு வரியில பதில் சொல்லிட்டு இருந்தேன். ஒரு வரி போதாதுன்னு போன நவம்பர்ல வெள்ளிமலை போனப்பதான் புரிஞ்சுது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியா, கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினா கல்வராயன் மலையில வெள்ளிமலை வரும். ஒரு கிளையன்ட் வேலையா மேல போயிருந்தேன். அங்கே நம்ம வீடியோ பார்க்கிற தம்பி ஒருத்தர் வந்து பேசினார். சென்னையில இருக்கிற ஒரு அக்கவுன்டிங் நிறுவனத்துல வேலை. இரண்டு வருஷம் சென்னையில மேன்ஷன்ல இருந்துட்டு, இப்ப வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கியிருக்கார். கையில வர்ற சம்பளம் ரூ.32,000. வீட்ல அப்பா, அம்மா. ஒன்றரை ஏக்கர்ல மரவள்ளி. மரவள்ளிப் பணம் வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா வரும், அதுவும் கிழங்கு விலையைப் பொறுத்து. மாசாமாசம் வீட்டுக்குள்ள வர்ற பணம்னா இவர் சம்பளம் மட்டும்தான்.

அவர் போன்ல ஒரு மானிட்டரைக் காட்டினார். 43 இன்ச், 4கே. ஆஃபர் விலை கிட்டத்தட்ட ரூ.60,000. "நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் 5,000தான் அண்ணா. போட்டுடலாமா?"

ஆடம்பரத்துக்காக அவர் கேட்கலை. 14 இன்ச் லேப்டாப்ல இடது பக்கம் பேங்க் ஸ்டேட்மென்ட், வலது பக்கம் லெட்ஜர்னு பாதிப் பாதியா வெச்சு வேலை பார்க்கிறார். சாயங்காலம் ஆனா கண் எரியுது, என்ட்ரியில தப்பு வருது. தப்பு கூடினா "ஆபீஸுக்கே திரும்பி வந்துடுங்க"ன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். திரும்பப் போனா வாடகை, சாப்பாடுன்னு மாசம் பத்தாயிரத்துக்கு மேல போயிடும். அதனால திரை அவருக்குத் தேவைதான். எவ்வளவு பெரிய திரை, யார் பணத்துல, எப்போ? இதுதான் கேள்வி.

அவர் வீட்டு மேசையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அதை அப்படியே உங்களுக்கும் தர்றேன். சம்பளத்தையும் விலையையும் மாத்தி உங்க கணக்கை நீங்களே போட்டுக்கலாம்.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன்

2020 லாக்டவுன்ல நானும் இதே ஆசைப்பட்டேன். மானிட்டர் விலை அதிகம்னு, ரூ.34,000-க்கு ஒரு 43 இன்ச் 4கே டிவியை வாங்கி மேசை மேல வெச்சேன். முதல் வாரம் ராஜா மாதிரி இருந்துச்சு. மூணாவது வாரம் கழுத்து வலி. எக்செல்ல இடது ஓரத்துல இருக்கிற லெட்ஜர் பேரைப் பார்க்க ஒரு தடவை தலையைத் திருப்பணும், வலது ஓரத்துத் தொகையைப் பார்க்க இன்னொரு தடவை. எழுத்து ஓரங்கள்ல கலர் கசிஞ்ச மாதிரி தெரிஞ்சுது. என் பழைய லேப்டாப்போட எச்டிஎம்ஐ 1.4 போர்ட்ல 4கே படம் நொடிக்கு 30 தடவைதான் வரும். மவுஸை நகர்த்தினா இழுத்து இழுத்துப் போச்சு.

எட்டு மாசத்துல ரூ.16,000-க்கு வித்தேன். 18,000 நஷ்டம், பிசியோதெரபி செலவு தனி. ஊருக்கெல்லாம் கணக்கு சொல்ற ஆளு, மேசையை அளக்காம வாங்கினதுக்குக் கட்டின ஃபீஸ் அது.

கணக்கு 1: மேசைக்கு எவ்வளவு பெரிய திரை தாங்கும்?

இன்ச்னு சொல்றது மூலைக்கு மூலை அளவு. மேசையில அது எவ்வளவு இடம் பிடிக்கும்னு அதுல தெரியாது. செ.மீ.ல பாருங்க:

- 24 இன்ச்: அகலம் 53, உயரம் 30
- 27 இன்ச்: அகலம் 60, உயரம் 34
- 32 இன்ச்: அகலம் 71, உயரம் 40
- 43 இன்ச்: அகலம் 95, உயரம் 54
- 49 இன்ச் அல்ட்ராவைட்: அகலம் 120, உயரம் 34

கடைசி வரியைக் கவனிங்க. 49 இன்ச் அல்ட்ராவைட்ங்கிறது இரண்டு 27 இன்ச் திரையைப் பக்கத்துல பக்கத்துல ஒட்டின அளவுதான். விலை மட்டும் பல நேரம் இரண்டு 27 இன்ச்சோட விலையைத் தாண்டிடும்.

கண்ணுக்கும் திரைக்கும் 50-லிருந்து 100 செ.மீ. தூரம் இருக்கணும், திரையோட மேல் விளிம்பு கண் மட்டத்துலயோ அதுக்குக் கொஞ்சம் கீழேயோ இருக்கணும்னு அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா சொல்லுது. இதைத் தம்பி வீட்டு மேசையில வெச்சுப் பார்த்தோம். பத்தாவது படிக்கிறப்ப வாங்கின மேசை, ஆழம் 45 செ.மீ. மானிட்டர் ஸ்டாண்ட் பின்னாடி கொஞ்சம் இடம் பிடிக்கும். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாலும் கண்ணுக்கும் திரைக்கும் 50 செ.மீ. கிடைச்சாலே பெரிசு.

அந்தத் தூரத்துல 95 செ.மீ. அகலத் திரைன்னா, சினிமா தியேட்டர்ல முதல் வரிசையில உட்கார்ந்த கதைதான். உயரம் இன்னும் மோசம். 54 செ.மீ. திரை, கீழே ஸ்டாண்ட் ஒரு 8 செ.மீ. மொத்தம் 62. உட்கார்ந்தா மேசையிலிருந்து நம்ம கண் சுமார் 45 செ.மீ. உயரத்துலதான் இருக்கும். திரையோட மேல் பகுதியைப் பார்க்க நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கணும். என் கழுத்து வலிக்கு இதுதான் காரணம்.

விரலுக்கேத்த வீக்கம்னு சொல்வாங்கல்ல, அதே மாதிரி மேசைக்கேத்த திரை. என் அனுபவத்துல ஆழம் 45-50 செ.மீ.ன்னா 24 இன்ச். 60 செ.மீ.ன்னா 27. 75 செ.மீ.க்கு மேல இருந்தா 32. 43 வேணும்னா மேசை ஒரு மீட்டர் ஆழம் இருக்கணும், இல்ல சுவர்ல மாட்டித் தள்ளி உட்காரணும். அந்த மேசைக்கும் இடத்துக்கும் ஆகிற செலவு மானிட்டர் விலையில தெரியாது.

கணக்கு 2: பெரிசா இருந்தா அதிகமாத் தெரியுமா?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. எவ்வளவு வேலை கண்ணுக்குத் தெரியும்கிறதை முடிவு பண்றது பிக்சல், இன்ச் இல்லை. ஃபுல் எச்டின்னா 1920 × 1080 பிக்சல். 24 இன்ச்லயும் அதேதான், 27 இன்ச்லயும் அதேதான், 32 இன்ச்லயும் அதேதான். எழுத்து பெரிசாகும், அவ்வளவுதான்.

எக்செல்ல பாருங்க. சாதாரண காலம் 64 பிக்சல் அகலம். ஃபுல் எச்டி திரையில 100% ஜூம்ல சுமார் 29 காலம் தெரியும். அது 24 இன்ச்சா 32 இன்ச்சான்னு எக்செல்லுக்குத் தெரியாது. 4கே திரையில பிக்சல் நாலு மடங்கு. ஜூம் மாத்தாம வெச்சா 59 காலம் வரைக்கும் வரும். ஆனா 27 இன்ச் 4கேல அப்படி வெச்சா எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். அதைப் பெரிசாக்க 150% ஸ்கேலிங் போடுவீங்க. போட்டதும் கூடுதல் இடம்ல பாதிக்கு மேல போயிடும், எழுத்து மட்டும் கூர்மையா இருக்கும்.

அதனால 24 இன்ச்ன்னா ஃபுல் எச்டி போதும். 27 இன்ச்ன்னா 2560 × 1440 பாருங்க, பேர் கியூஎச்டி. 27-ல ஃபுல் எச்டி விலை கம்மியா இருக்குன்னு வாங்காதீங்க. காசு கொடுத்து பெரிய எழுத்து மட்டும் வாங்கின மாதிரி.

ஒரு விஷயம் நியாயமாச் சொல்லணும். 43 இன்ச் 4கேங்கிறது நாலு 21.5 இன்ச் ஃபுல் எச்டி திரையை நடுவுல சட்டம் இல்லாம ஒட்டின மாதிரி. நாலு ஜன்னலையும் உண்மையிலேயே ஒரே நேரத்துல பார்க்கிற வேலையா இருந்தா அதுக்கு அர்த்தம் இருக்கு. உங்களுக்கு நாலும் வேணுமா? அடுத்த கணக்கு அதுக்குத்தான்.

கணக்கு 3: ஆல்ட்-டேப் எண்ணிக்கை

தம்பிகிட்ட ஒரு வேலை கொடுத்தேன். "மூணு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம், ஜன்னல் மாத்துற ஒவ்வொரு தடவையும் ஒரு பேப்பர்ல கோடு போடுங்க. எதுலேர்ந்து எதுக்குப் போறீங்கன்னும் குறிச்சு வைங்க."

சராசரி மணிக்கு 70 தடவை. ஏழு மணி நேர வேலைக்கு 490. ஒரு தடவைக்கு 3 விநாடின்னு வெச்சா நாளுக்கு 24 நிமிஷம். அந்த 490-ல 430 தடவை பேங்க் ஸ்டேட்மென்ட்டுக்கும் லெட்ஜருக்கும் நடுவுல ஓடினது. மீதி 60 மெயில், ஆபீஸ் சாட், எப்பவாவது ஜிஎஸ்டி போர்ட்டல்.

இரண்டு ஜன்னலைப் பக்கத்துல பக்கத்துல முழுசா வெச்சாலே 430 போயிடும். அதாவது 21 நிமிஷம் மிச்சம். இன்னும் பெரிய திரை வாங்கி மெயிலையும் சாட்டையும் கண் முன்னாடியே வெச்சா, மிச்சமாகிறது மேற்கொண்டு 3 நிமிஷம்தான். மெயில் எப்பவும் கண் முன்னாடி இருக்கிறது நல்லதாங்கிறது வேற விஷயம்!

இப்ப ரூபாய்க்கு வருவோம். ஐந்து வருஷம், வருஷத்துக்கு 250 வேலை நாள், மொத்தம் 1,250 நாள்.

- 43 இன்ச்: ரூ.60,000. ஐந்து வருஷம் கழிச்சு வித்தா 10,000 வரும்னு வைங்க. நிகரச் செலவு 50,000. நாளுக்கு ரூ.40.
- இரண்டு 24 இன்ச்: ரூ.20,000. வித்தா 2,500. நிகரச் செலவு 17,500. நாளுக்கு ரூ.14.

சம்பளம் 32,000-ஐ மாசம் 176 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு ரூ.182, நிமிஷத்துக்கு சுமார் ரூ.3. இரண்டு 24 இன்ச்சோட ரூ.14 தேறணும்னா நாளுக்கு 5 நிமிஷம் மிச்சமானா போதும். 21 நிமிஷம் ஆகுது. தாராளமாத் தேறிடுச்சு. 43 இன்ச்சுக்குக் கூடுதலாப் போற ரூ.26 தேறணும்னா இன்னொரு 9 நிமிஷம் மிச்சமாகணும். கிடைக்கிறது 3. தேறலை.

எந்தத் திரைக்கும் இப்படித்தான். லேப்டாப்பிலிருந்து முதல் நல்ல திரைக்குப் போறப்ப பலன் ரொம்பப் பெரிசு. அதுக்கு மேல ஒவ்வொரு இன்ச்சுக்கும் பலன் குறைஞ்சுக்கிட்டே வரும், விலை மட்டும் ஏறிக்கிட்டே போகும். 2008-ல அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துல இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. 18 இன்ச்சைவிட 24 இன்ச்லயும், இரண்டு 20 இன்ச் திரையிலயும் ஆட்கள் வேலையை நல்லா வேகமா முடிச்சாங்க. 26 இன்ச் போனதும் வேகம் திரும்பக் குறைஞ்சுது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்ததே ஒரு மானிட்டர் கம்பெனி. அப்படியிருந்தும் "பெரிசே சிறப்பு"ன்னு முடிவு வரலை.

கணக்கு 4: மிச்சமாகிற நேரம் யாருக்கு?

இந்தப் பதிவுல ஒரே ஒரு பகுதியை ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க.

நிமிஷத்துக்கு மூணு ரூபாய்னு மேல கணக்குப் போட்டேன். ஆனா 21 நிமிஷம் மிச்சமானா மாசக் கடைசியில உங்க சம்பளம் கூடுமா? கூடாது. மாசச் சம்பளக்காரருக்கு மிச்சமாகிற நேரத்தோட பலன்ல பெரும்பகுதி கம்பெனிக்குப் போகுது. பலன் யாருக்கோ, செலவும் அவங்களோடதுதான். அதனால கார்டை எடுக்கிறதுக்கு முன்னாடி கம்பெனியைக் கேளுங்க.

கேட்கிறதுல வரி ரீதியாவும் லாபம் இருக்கு. 2025-26 நிதியாண்டு விதிப்படி பாருங்க:

ரூ.30,000 மானிட்டரை கம்பெனி தன் பேர்ல, தன் ஜிஎஸ்டி எண் போட்ட பில்லோட வாங்கினா, அதுல இருக்கிற ரூ.4,576 ஜிஎஸ்டியைப் பொதுவா உள்ளீட்டு வரியா எடுத்துக்கலாம். கம்பெனிக்கு உண்மையான செலவு ரூ.25,424. அதுக்கு மேல தேய்மானமும் கழிச்சுக்கலாம். கம்பெனி தன் கம்ப்யூட்டரை ஊழியர் பயன்படுத்தக் கொடுத்தா, அதை ஊழியரோட வருமானமா வரி விதிகள் சேர்க்கிறதில்லை.

அதே மானிட்டரை நீங்க வாங்கினா? உள்ளீட்டு வரி கிடையாது, தேய்மானம் கிடையாது. சம்பளக்காரருக்குக் கிடைக்கிறது நிலையான கழிவு மட்டும்தான்: புதிய முறையில ரூ.75,000, பழைய முறையில ரூ.50,000. மானிட்டர் வாங்கினாலும் வாங்காட்டாலும் அது அவ்வளவுதான். "பில் வெச்சுக்கோ, ரிட்டர்ன்ல காட்டிக்கலாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பழைய முறையில 20% ஸ்லாப்ல இருக்கிறவர், செஸ்ஸும் சேர்த்தா, கையில 30,000 நிக்க ரூ.37,879 சம்பாதிக்கணும். புதிய முறையில 12.75 லட்சம் சம்பளம் வரைக்கும் வரி இல்லாதவங்களுக்கு 30,000 முப்பதாயிரமேதான். அப்பவும் கம்பெனிக்கு ஆகிற 25,424-ஐ விட அதிகம்.

இன்னொரு வழியும் இருக்கு. கம்பெனி கொடுத்த கம்ப்யூட்டர் பொருளைப் பிறகு உங்களுக்கே வித்தா, முழுசா முடிஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் மதிப்பு பாதியாகும்னு பெர்க்விசிட் விதி சொல்லுது. 30,000 மானிட்டர் மூணு வருஷத்துல 15,000, 7,500, 3,750. ரூ.3,750 கொடுத்து நீங்க எடுத்துக்கிட்டா, வரி எதுவும் சேராது. வேலையை விடுறப்ப எச்ஆர்கிட்ட இதைக் கேட்கலாம்.

ஃப்ரீலான்ஸ் பண்றவங்களுக்கு மட்டும்

உங்க கணக்கு வேற. மிச்சமாகிற 21 நிமிஷம் உங்க பணமேதான். கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் வருஷத்துக்கு 40%. கம்ப்யூட்டரோட சேர்ந்த சாதனங்களும் கம்ப்யூட்டர்தான்னு டெல்லி உயர் நீதிமன்றம் 2010-ல பிஎஸ்இஎஸ் ராஜ்தானி வழக்குல சொல்லியிருக்கு. ஆனா 180 நாளுக்குக் குறைவாப் பயன்படுத்தின வருஷத்துல பாதி விகிதம்தான். தீபாவளி ஆஃபர்ல வாங்கினா மார்ச் 31-க்குள்ள 180 நாள் வராது, அந்த வருஷம் 20%தான் கிடைக்கும். 44ஏடிஏ-ல 50% லாபம்னு காட்டுறவங்களுக்குத் தனியாத் தேய்மானம் கழிக்க முடியாது, அந்த 50%-க்குள்ளயே அது அடங்கிடும்.

கணக்கு 5: ஆஃபரும் நோ காஸ்ட்டும்

தம்பி காட்டின விளம்பரத்துல பழைய விலையை அடிச்சுட்டு "ரூ.5,000 குறைப்பு"ன்னு போட்டிருந்தாங்க. 2025 செப்டம்பர் 21 வரைக்கும் 32 இன்ச்சுக்கு மேல இருக்கிற மானிட்டருக்கு ஜிஎஸ்டி 28%. செப்டம்பர் 22 முதல் 18%. ரூ.50,847 அடக்க விலையுள்ள மானிட்டர் முன்னாடி ரூ.65,085, இப்ப ரூ.60,000. குறைஞ்ச 5,085 அப்படியே வரிக் குறைப்புதான். கடைக்காரர் தன் பாக்கெட்லேர்ந்து தரலை. 32 இன்ச் வரைக்கும் முன்னாடியும் 18%தான், அதுல வரியால எந்த மாற்றமும் இல்ல.

நோ காஸ்ட் இஎம்ஐ-க்கும் செலவு உண்டு. 12 மாசம், மாசம் 5,000. பேங்க் 15% வட்டி போடுதுன்னு வைங்க. கடன் தொகையை சுமார் 55,396-ன்னு காட்டி, வட்டி 4,604-ஐ தள்ளுபடி மாதிரி சரிக்கட்டுவாங்க. ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி ரூ.829 உங்க தலையில. பிராசஸிங் ஃபீஸ் ரூ.199-ன்னா வரியோட 235. மொத்தம் ரூ.1,064. தொகை சின்னதுதான், ஆனா "நோ காஸ்ட்" இல்லை. மொத்தப் பணமும் கட்டினா வேற தள்ளுபடி உண்டான்னும் கேளுங்க. இருந்தா அதையும் நீங்க இழக்கிறீங்க.

தம்பியோட சேமிப்பு ரூ.85,000. வீட்டுச் செலவு மாசம் 18,000. ஆறு மாச அவசர நிதின்னா 1,08,000 வேணும். அதுக்கே இன்னும் 23,000 குறையுது. 32,000-ல மாசம் 5,000 ஒரு வருஷத்துக்குக் கட்டிப் போட்டா, மரவள்ளி விலை விழுற வருஷத்துல வீடு எதை நம்பி ஓடும்? "நாளுக்கு நாப்பது ரூபாய்தானே"ன்னு பிரிச்சுப் பார்த்தா எல்லாமே மலிவாத்தான் தெரியும். நாள் கணக்கு இரண்டு பொருளை ஒப்பிட மட்டும்தான் உதவும். வாங்கலாமான்னு முடிவு பண்ணவேண்டியது அவசர நிதி.

கரண்ட், யுபிஎஸ், சர்வீஸ்

இதை மலையில இருக்கிறவங்க மட்டுமில்ல, எல்லா ஊர்க்காரங்களும் பாருங்க. 24 இன்ச் மானிட்டர் சுமார் 20 வாட், 43 இன்ச் 80 வாட் எடுக்கும்னு வெச்சுக்கலாம். மாசம் 200 மணி நேரம் ஓடினா, இரண்டு மாச பில்லுல 8 யூனிட், 32 யூனிட். 100 யூனிட் இலவசத்துக்குள்ள இருக்கிற வீட்டுக்கு அது ஒண்ணுமில்ல. 500 யூனிட் எல்லையைத் தொட்டுக்கிட்டு இருக்கிற வீட்டுக்கு அது வலிக்கும், ஏன்னா எல்லையைத் தாண்டினா முந்தின யூனிட்டுகளுக்கான சலுகை விலையும் போயிடும்.

பவர் கட்தான் பெரிய விஷயம். சாதாரண சின்ன யுபிஎஸ்ல 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. தாள்ல 84 வாட்-மணி, நிஜத்துல பாதி கிடைச்சா 42. ஒரு 24 இன்ச்சும் ரௌட்டரும் சேர்த்து 30 வாட்: ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல ஓடும். 43 இன்ச்சும் ரௌட்டரும் 90 வாட்: அரை மணி நேரம்கூட நிக்காது. மழையும் இடியுமா இருக்கிற ஐப்பசி, கார்த்திகையில இது வேலையைக் காப்பாத்துற விஷயம். இடி இடிக்கிறப்ப பிளக்கைப் பிடுங்கிடுங்க, அது இலவசம்.

ரிப்பேர்னா? பத்து கிலோவுக்கு மேல இருக்கிற மானிட்டரைப் பெட்டியோட மலைப் பாதையில பஸ்ஸுல கீழ கொண்டு போகணும். வாங்கறதுக்கு முன்னாடியே உங்க பின்கோடுக்கு வீட்டுக்கு வந்து சர்வீஸ் உண்டான்னு கேளுங்க. இரண்டு சின்னத் திரைன்னா, ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல வேலை ஓடும்.

அப்போ பெரிய திரை யாருக்குத்தான்?

வீடியோ எடிட்டிங், கட்டட வரைபடம், மேப் வேலை, பெரிய மாடல் ஷீட். ஒரே படத்தையோ ஒரே ஷீட்டையோ அகலமாப் பார்க்கிற வேலைன்னா 32 இன்ச் 4கே, 34 இன்ச் அல்ட்ராவைட், சிலருக்கு 43-ம்கூட நியாயம். மேசை ஆழம் இருக்கணும், அவசர நிதி முடிஞ்சிருக்கணும், எண்ணிக்கை போட்டுப் பார்த்திருக்கணும்.

ஆப்ஷன் டிரேடிங்குக்காகப் பெரிய மானிட்டர் கேட்கிறவங்களுக்கு ஒரே தகவல். 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ-ல இறங்கின தனிநபர்கள்ல 93% பேர் நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேலன்னு செபி 2024 செப்டம்பர்ல சொல்லுச்சு. திரை சின்னதா இருந்ததால வந்த நஷ்டம் இல்ல அது.

தம்பி என்ன பண்ணார்?

அந்த ஆல்ட்-டேப் பேப்பரை வெச்சே எச்ஆருக்கு மெயில் போட்டார். முதல் பதில்: "அப்படி ஒரு பாலிசி இல்லை." விடாம இரண்டாவது மெயில்ல நாளுக்கு 21 நிமிஷக் கணக்கையும், புதுசு வேண்டாம், ஆபீஸ்ல சும்மா இருக்கிற மானிட்டர் ஒண்ணு இருந்தா போதும்னும் எழுதினார். இரண்டு வாரம் கழிச்சு 24 இன்ச் ஒண்ணு கூரியர்ல கள்ளக்குறிச்சி வந்துச்சு. அதே அளவுல இன்னொண்ணு சொந்தமா வாங்கினார், ரூ.9,400. மேசைக்குப் பின்னாடி ஊர்த் தச்சரை வெச்சு 20 செ.மீ. பலகை சேர்த்தார், ரூ.1,200. மொத்தம் ரூ.10,600, இஎம்ஐ இல்ல.

போன வாரம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "அண்ணா, கண் எரிச்சல் குறைஞ்சிருக்கு. தப்பு இன்னும் வருது, ஆனா முன்னைவிட கம்மி. அந்த 43 இன்ச் மேல ஆசை மட்டும் போகலை." போக வேண்டாம் தம்பி. அவசர நிதி 1,08,000-ஐத் தொட்ட பிறகு திரும்ப ஒரு பேப்பர்ல கோடு போடுங்க. அப்பவும் கணக்கு தேறினா வாங்குங்க, நானே மேல வந்து மாட்டித் தர்றேன்.

வாங்கறதுக்கு முன்னாடி ஆறு கேள்வி

1. மேசை ஆழம் எத்தனை செ.மீ.? டேப் வெச்சு அளந்தீங்களா?
2. மூணு நாள் ஜன்னல் மாத்துறதை எண்ணினீங்களா? இரண்டு திரையில எவ்வளவு போயிடும்?
3. கம்பெனியை எழுத்துல கேட்டீங்களா? ஒரு தடவை "இல்லை"ன்னா இரண்டாவது தடவை கேட்டீங்களா?
4. லேப்டாப் போர்ட் 4கே-ஐ 60 ஹெர்ட்ஸ்ல தருமா?
5. இதை வாங்கின பிறகும் ஆறு மாச வீட்டுச் செலவு கையில இருக்குமா?
6. உங்க ஊருக்கு சர்வீஸ் வருமா?

ஐந்தாவது கேள்விக்கு "இல்லை"ன்னா மத்த ஐந்துக்கும் பதில் தேட வேண்டாம். முதல்ல அந்த நிதியைச் சேர்த்துட்டு வாங்க.